கொடியில் கிடந்த துணிகள்

அக்டோபர் 4

காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். பக்கத்து மாடியில் அண்ணி ஈரத்துணி வாளியோடு காத்திருந்தார். நான் ரெண்டு சட்டையை மாட்டிய பிறகுதான் வாளியில் கையை விட்டார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து எதிர்வீடு. இந்தத் தெருவுக்கு நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதும் வானிலை அறிக்கை தேவையில்லை. என் ஈரப் பனியன் போதும்.

"ரேடியோவுல நீங்க சொல்றது ஊருக்கு, தம்பி. கொடியில சொல்றதுதான் எங்களுக்கு" என்றார் அண்ணி. ஒண்டிக்கட்டையின் சலவைக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

அண்ணன் பின்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

அக்டோபர் 6

போன மாதம் நாங்கள் விடுத்த எச்சரிக்கையை நம்பி அண்ணனுடையது உட்பட எல்லாப் படகும் கரையில் நின்றன. கடல் குளம்போலக் கிடந்தது. அதைச் சொல்லி அப்போதே டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் கேட்டான்: "உன் புயல் எங்கடா? வழியில டீ குடிக்க நின்னுடுச்சா?" கடையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இனிமே உனக்குன்னு தனியா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், போ" என்றேன்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ரெண்டு பேருக்கும் தலையில் நரை வந்தாயிற்று, வீம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 9, அலுவலகம்

துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. தெற்கே கடலில் கிடந்த தாழ்வுப் பகுதி விலகிப் போய்விடும் என்றுதான் நேற்று எழுதியிருந்தோம். மத்தியானத்துக்குள் அது வலுத்துவிட்டது. நம் பக்கம் திரும்புகிறது. நடுக்கடலில் மிதக்கவிட்டிருக்கும் அளவுக் கருவியில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது.

"இன்னொரு சாட்டிலைட் படம் வரட்டுமே. போன மாசம் மாதிரி ஆயிடப் போகுது" என்றார் மேலதிகாரி. "ஆனா ஆகட்டும் சார், எச்சரிக்கை போட்டுடலாம்" என்றேன். போட்டாயிற்று. யாரும் கடலுக்குப் போக வேண்டாம். ரேடியோவுக்குச் சொல்லியாயிற்று, துறைமுகத்துக்கும் சொல்லியாயிற்று.

மாலை ஷிப்டுக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல். நானேதான் தொடர வேண்டும். துணி கொடியிலேயே கிடக்கிறது. நனையட்டும், அதுவா இப்போது கவலை?

அண்ணனுக்கு ஒரு போன் போடலாமா? எடுத்தேன். வைத்துவிட்டேன். அறிவிப்பு எல்லோருக்கும்தான் போயிருக்கிறது. அவனுக்கென்ன தனியாக வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டுமா?

அக்டோபர் 10

அண்ணி போன் செய்தார். "தம்பி, உங்க அண்ணன் நேத்து சாயங்காலமே கிளம்பிட்டாரு. இன்னும் வரலை."

படத்தில் புயலின் கண் தெரிகிறது. அவன் வலை போடும் இடம் அதன் விளிம்பில்தான்.

அக்டோபர் 11

வீட்டுக்கு வந்தேன். என் கொடியில் ஒரு துணியும் இல்லை, காற்று கொண்டுபோய்விட்டது. தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஒரு பனியன் மட்டும் சுற்றிக் கிடந்தது.

அண்ணி சொன்னார். எச்சரிக்கையை அண்ணனும் கேட்டிருக்கிறான். மற்றவர்கள் படகைக் கட்டிவிட்டார்கள். இவன் வீட்டுக்கு வந்து மாடி ஏறிப் பார்த்திருக்கிறான். "'அவன் துணியை எடுக்கலை பாரு. ரேடியோவுல சொல்றது ஆபீஸு. கொடியில போட்டிருக்கிறது என் தம்பி'ன்னாரு. இன்ஜின்காரரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏன்டா அண்ணே இப்படிப் பண்ணினே? என் மூஞ்சியைப் பார்க்க மாட்டே, என் பனியனைப் பார்ப்பியா? ஒரு போன் — ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா? நான் பண்ணியிருக்கக் கூடாதா? கையில எடுத்தேனே. எடுத்துட்டு வெச்சேனே.

அக்டோபர் 13

மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். எச்சரிக்கை சரியான நேரத்துக்குப் போனதாம், மேலிடத்தில் பாராட்டாம். "உங்க அண்ணன் விஷயம் வருத்தம்தான். ஆனா நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்ல."

"துணியை எடுக்காம வந்துட்டேன் சார்" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அக்டோபர் 14

இன்ஜின்காரரை ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார். அவர் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. கஷ்டப்பட்டுப் பேசினார். "அலை எழும்பினதுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. 'டேய், அவன் வீட்டுக்கே போயிருக்க மாட்டான்டா, ஆபீஸ்லயே மாட்டிக்கிட்டிருப்பான். அதான் துணி கிடந்திருக்கு'ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. உங்க மேல கோபமே இல்ல தம்பி."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தானாம்.

அக்டோபர் 17

தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அக்டோபர் 21

அண்ணனின் நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார் அண்ணி. அது காய்ந்து நாளாயிற்று. எடுக்கவில்லை. மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது. "எடுத்து வைக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டேன். "கிடக்கட்டும். வந்ததும் மாத்திக்கணும்ல" என்றார்.

நான் மாடிக்கே போவதில்லை. அறைக்குள் காயப்போடுகிறேன். போடுவதெல்லாம் முடை வாடை அடிக்கிறது. அடிக்கட்டும்.

அக்டோபர் 28

எதிர்வீட்டம்மா வாசலில் மறித்தார். "வெயில் இப்படிக் கொளுத்துது, நீங்க ஏன் தம்பி துணி போடலை? ஏதாவது வருதா? எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு உட்கார்ந்திருக்காரு."

என்னைப் பார்க்காதீங்கம்மா, என் கொடியைப் பார்க்காதீங்க, ஒருத்தன் பார்த்தது போதாதா என்று கத்த வேண்டும்போல இருந்தது. "ஒண்ணும் வரலைம்மா, போகச் சொல்லுங்க" என்றேன். மேலே போய் ஒரு துண்டை நனைத்துக் கொடியில் போட்டேன்.

நவம்பர் 3

வேலையை விட்டுவிடலாம். விட்டால் மட்டும்? இந்த வீட்டில்தானே இருக்கப்போகிறேன். தினமும் ஒரு துண்டு. போடுகிறேன், எடுக்கிறேன். இதற்குத்தான் உயிரோடு இருக்கிறேனா?

நவம்பர் 16

தெற்கே மறுபடியும் ஒன்று சுழல்கிறது. விடிகாலையில் அலுவலகத்திலிருந்து போனில் சொன்னார்கள். வருமா, விலகுமா, சத்தியமாகத் தெரியாது.

மாடிக்குப் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. துண்டை எடுத்தேன். கிளிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

எதிர்வீட்டம்மா நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் ஈரத் துணிகளைச் சுருட்டினார். தெருக்கோடி வரைக்கும் மாடிகள் காலியாகின. கீழே யாரோ படகுக்காரருக்குக் குரல் கொடுத்தார்கள், "இன்னிக்கு வேண்டாம்!" என்று.

பக்கத்து மாடியில் அண்ணி தன் சேலைகளை எடுத்தார். நீலச் சட்டையிடம் வந்ததும் நின்றுவிட்டார். தோள்பட்டையில் சாயம் வெளுத்திருந்தது. ரொம்ப நேரம் அதன் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வருதா தம்பி?" என்றார்.

"எடுத்துடுங்க அண்ணி."

கிளிப்பைக் கழற்றினார். சட்டையை மடித்தார், சேலைகளுக்கு மேல் வைத்தார், கீழே கொண்டுபோனார்.

நான் அலுவலகத்துக்குப் போய், அதன் பிறகுதான் ரேடியோவுக்கு அறிக்கை எழுதினேன்.