வியாழக்கிழமைக் குழம்பு

உப்பூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள சூஃபியா,

நலம்தானே? உன் வாப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? நான் கேட்டதாகச் சொல்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வேறு இடம் கிடைக்காமல், முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் கனகலட்சுமி அக்காவின் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன். கீழே மிக்சி நின்றால் நான் இருமுவதுகூட அவருக்குக் கேட்கும்.

முதியோர் இல்லங்களில் உணவும் நினைவாற்றலும் என்று ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்தபோது எவ்வளவு எளிதாகத் தோன்றியது! வியாழன் மட்டும்தான் அனுமதி. அக்காவும் உடனிருக்க வேண்டும். பூண்டு உரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இல்லேன்னு நெனச்சுக்க பாப்பா, நீ பாட்டுக்குக் கேளு" என்பார். சாப்பாடு எப்படி என்று கேட்டால், எல்லோர் கண்ணும் ஒருமுறை பூண்டுப் பக்கம் போய்வரும். பிறகு, "ஒரு கொறையும் இல்ல."

அக்காவைக் கெட்டவர் என்று நினைக்காதே. ஆள் பற்றாக்குறை. குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் அவரேதான். அவர் உட்காருவதே என் கேள்வி நேரத்தில்தான்.

செல்லச்சாமி என்று ஒரு பெரியவர். சாயல்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். "எனக்குப் பொண்ணு குடுத்தவுகளே இம்புட்டுக் கேள்வி கேக்கல தாயி" என்று சிரிப்பார். நினைவாற்றல் கேள்வி வந்தால் மட்டும் தடுமாறுவார். ஒரு வாரம் மூன்று மகன்கள், அடுத்த வாரம் இரண்டு. என்ன மாதம் என்றால், "யோசிச்சு வைக்கிறேன், அடுத்த வாரம் வா" என்பார். நானும் மறதி என்றே குறித்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போன வாரம் அவரைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். மறதிக்காரர்கள் தெரியாமல் கடல்பக்கம் இறங்கிவிடக் கூடாதென்று எப்போதும் பூட்டியே இருக்கும் அறை அது.

அந்த வியாழன் அக்காவை யாரோ கூப்பிட, நான் அந்த அறையின் கம்பிக்கதவருகே போனேன். மாதம், கிழமை, மூன்று மகன்கள், பேரப்பிள்ளைகள், அத்தனையும் பெரியவர் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ வார அன்னைக்குத்தான் மீன்கொழம்பு தாயி. மத்த நாளு ரசந்தான். கேள்வி முடிஞ்சா நீ வருவியா? அதான் இழுத்தேன்."

உங்களுக்கு மறதி இல்லையென்று அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். கம்பிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிப்புடாத. ஏன் நடிச்சேன்னு கேட்டா கொழம்பு கதையும் வெளிய வந்துரும். ஒன்னைய வரவிட மாட்டாக. எல்லாருக்குங் கொழம்பு போயிரும். இங்கன ஃபேன் நல்லாத்தான் ஓடுது."

நான் எழுதி வைத்திருப்பதெல்லாம் வியாழக்கிழமைச் சாப்பாடு, சூஃபியா. ஆய்வு பொய்யானால் போகட்டும். அந்த மனிதர் உள்ளே இருக்கிறாரே! பேசாமல் இருந்தால் அவருக்குப் பூட்டுத் திறக்காது. பேசினால் எனக்கு வாசல் மூடிவிடும், மற்றவர்களின் தட்டும் வெறுமையாகும். அவர்கள் சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுதுவதே அதை மீறுவதுதான். நெறியாளரோ, இந்த மாதமே களப்பணியை முடித்துக்கொண்டு கிளம்பு என்கிறார். மாடிப்படி இறங்கினால் அக்கா, "சாப்டியா பாப்பா?" என்கிறார்.

நீ மதுரையில் மனநல மருத்துவப் பயிற்சியில் இருக்கிறாய். பெரியவரின் நினைவாற்றலைச் சோதித்து நீ எழுதிக் கொடுத்தால் அக்கா ஏற்றுக்கொள்வார். பயிற்சிக்காக வந்ததாகவே சொல். தொண்டி பஸ் இங்கே நிற்கும்.

வியாழன் மட்டும் வேண்டாம். வேறு எந்த நாளானாலும் வா, அன்றைக்கும் மீன் வாங்குவார்கள். பெரியவரிடம் கேள்வியைத் தொடங்குமுன், மறுபடியும் வருவேன் என்று முதலில் சொல்லிவிடு. அப்போதுதான் அவர் சரியாகப் பதில் சொல்வார். சொன்னபடி மறுபடியும் வா.

உன் வழியையே பார்த்திருக்கும்,
ஜெயப்பிரியா