நிறம் வராத சாலைகள்

செப்டம்பர் 12

காலையில் ஆப்பிள் கூழ் கிண்டினேன். அடி பிடித்துவிட்டது. அடி பிடித்ததையே எவரெட்டுக்கு வைத்தேன். ருசி அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிகிறது. ஒரு வாய்க்குப் பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அரிசோனாவிலிருந்து நடீன் கூப்பிட்டாள். "அம்மா, இந்த வருஷமும் அப்பாவ இலை நிறம் மாறறதப் பாக்கக் கூட்டிட்டுப் போ. அடுத்த வருஷம் இருப்பாரோ என்னமோ. அதுதானே அவருக்கு உயிரு?"

உயிர்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து பார்க்கிறேனே. செப்டம்பர் பிறந்தால் சமையலறை மேஜை முழுக்க வெர்மான்ட் வரைபடம் விரிந்துவிடும். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய மனுஷன். எந்த மேட்டில் மேப்பிள் முதலில் சிவக்கும், எந்தப் பள்ளம் பின்தங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் பக்கத்து இருக்கையில் உட்காரும் சாமான். "அந்தப் பக்கம் போலாமா?" என்று கேட்டால் ஒரே பதில்: "வண்டி ஓட்றவன் நான்." எங்கேயும் நிறுத்தவும் மாட்டார். நிறுத்தினால் வெளியூர்க்காரன் ஆகிவிடுவாராம்.

ஏப்ரலில் பக்கவாதம் அடித்தது. வலது பக்கம் போய்விட்டது. வாயில் இரண்டு சொல் மிச்சம். ஒன்று 'இல்ல'. இன்னொன்று 'சனியனே'. ஆமாம் என்பதற்கும் பல நேரம் 'இல்ல'தான் வருகிறது. ஆனால் நாம் சொல்வது எல்லாம் அவருக்கு முழுசாகப் புரியும்.

இப்போது வண்டி ஓட்டுகிறவள் நான்.

செப்டம்பர் 16

வானொலியில் இந்த வார இலை நிலவரம் சொன்னார்கள். வடக்கே மலைமுகடுகளில் நிறம் ஏறத் தொடங்கிவிட்டதாம். தெற்கே பள்ளத்தாக்குகள் இன்னும் பச்சை.

வரைபடத்தை எடுத்து விரித்தேன். எவரெட்டின் சக்கர நாற்காலியை மேஜைக்கு அருகே தள்ளி வைத்தேன், பார்க்கட்டும் என்று. பென்சிலால் தெற்கு நோக்கி ஒரு கோடு இழுத்தேன். இடது கையை வரைபடத்தின் மேல் வைத்து வடக்கே நகர்த்தினார்.

"இல்ல. இல்ல."

"வண்டி ஓட்றவ நான்," என்றேன்.

சொல்லும்போது கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 19

போய் வந்தோம். பெரிய நெடுஞ்சாலையிலேயே தெற்கே ஓட்டினேன். வழி நெடுக ஜூலை மாதத்துப் பச்சை. வொயிட் ரிவர் சந்திப்பில் ஒரு டயர் கடை எதிரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அவருக்கு சாண்ட்விச் ஊட்டினேன்.

"நல்லா இருக்கா? இலையெல்லாம் பாருங்க."

அவர் வெளியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு.

"சனியனே," என்றார். நோய் வருவதற்கு முன்பு சொன்ன மாதிரி, அவ்வளவு தெளிவு.

செப்டம்பர் 20

நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 26

வெர்னா வந்திருந்தாள், எவரெட்டின் அக்கா. கணவனை அடக்கம் செய்த பிறகு பொழுது போகாமல் வாரம் ஒருமுறை வருகிறாள். பூசணிப் பலகாரம் சுட்டு எடுத்து வந்தாள்.

"உன் இடத்துல வேற ஒருத்தி இருந்தா இவன ஏதாவது முதியோர் இல்லத்துல தள்ளிட்டுப் போயிருப்பா. நீ தேவதை, கோரின்."

தேவதை பலகாரம் சாப்பிட்டாள். அப்புறம் வெர்னாவுக்குப் பழைய கதை நினைவு வந்துவிட்டது. தம்பியின் முழங்காலைத் தட்டி, "ஏண்டா, அன்னைக்கு க்ராஃப்டனுக்கு இலை பாக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நடீன் வயிற்றில் ஏழு மாதம். வெர்னா பின் இருக்கையில். ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வருகிறது, நிறுத்துங்கள் என்றேன். அடுத்த ஊர் என்றார். அடுத்த ஊரில் அதற்கடுத்த ஊர் என்றார். கெஞ்சினேன். வெளிச்சம் போய்விடும், அந்த மலை திரும்பினதும் பார் எப்படி இருக்கு என்றார். மலை திரும்புவதற்குள் இருக்கையிலேயே போய்விட்டது. அந்தப் பாவாடையோடு வீடு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு தேவாலயத்துக் கோழி விருந்து ஒவ்வொன்றிலும் அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. "கோரின ஏத்தறதுக்கு முன்னாடி சீட்டுல தார்ப்பாய் விரிக்கணும்ப்பா!" மேஜை மேஜையாகச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

இன்று வெர்னா அந்தத் தார்ப்பாய் வரியைச் சொன்னபோது எவரெட் சிரித்தார். வேலை செய்கிற பாதி முகத்தால்.

பாதி முகம் போதும் போல, என்னைப் பார்த்துச் சிரிக்க.

அக்டோபர் 1

உச்சம். இந்த வருஷம் மாதிரி ஒரு நிறம் வந்ததில்லை என்று தபால்காரரே சொன்னார். எவரெட் காலையிலிருந்து கதவைப் பார்த்தபடி கோட்டு மாட்டச் சொல்லிக் கையை நீட்டினார். மாட்டிவிட்டேன். தொப்பியும் வைத்துவிட்டேன். அப்புறம் வெர்னாவைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மருந்துக் கடை என்று சொல்லி நான் மட்டும் கிளம்பினேன்.

வில்லோபி ஏரிக்குப் போனேன். இரண்டு பக்க மலையும் தீப்பிடித்த மாதிரி. தண்ணீருக்குள்ளும் அதே தீ. கரையில் நிறுத்தினேன். இறங்கினேன். நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி இறங்கினேன். ஒரு புகைப்படக்காரப் பெண், "உள்ளூரா? கொடுத்து வெச்சவங்க நீங்க," என்றாள். ஆப்பிள் சாறு சேர்த்த டோனட் ஒரு பை வாங்கி, கரையில் உட்கார்ந்தே தின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கோட்டும் தொப்பியுமாக அதே நாற்காலியில் இருந்தார். வெர்னா போன பிறகு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். எந்தத் திருப்பத்தில் எந்த மரம், வெயில் எப்படி விழுந்தது, பிர்ச் மரங்கள் மஞ்சளா பொன்னா. ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

காரணமில்லாமல்.

அக்டோபர் 4

மழை. முதுகு வலி. அவரைத் தூக்கித் தூக்கி என் எலும்பு தேய்கிறது. அதை யார் கேட்கிறார்கள்?

அக்டோபர் 9

நீண்ட வார இறுதி. சாலையெங்கும் வெளியூர் வண்டிகள். இன்று அவரை உண்மையாகவே நல்ல இடத்துக்குக் கூட்டிப் போனேன்: பீச்சம். தெற்கே அங்கே இன்னும் உச்சம்தான். வெர்னாவும் வந்தாள். அவளை வரச் சொன்னது நான்.

கிளம்புவதற்கு முன் சிறுநீர் உறிஞ்சும் உள்ளாடையை எடுத்தேன். அக்காவுக்கு முன்னால் வேண்டாம் என்று எவரெட் தலையை ஆட்டினார். சரி என்று மடித்து வைத்துவிட்டேன். வழக்கமாக வற்புறுத்துவேன். காபி கொடுத்தேன். குடித்து முடித்ததும் இன்னொரு கோப்பை கொடுத்தேன். வெகுநாளாக நான் அவ்வளவு கனிவாக இருந்ததில்லை, நம்பிக் குடித்தார்.

பீச்சம் தாண்டி சிறு சாலைகளாகச் சுற்றினேன். அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் இடது கையால் டாஷ்போர்டைத் தட்டினார். நான் ஓட்டினேன். மறுபடி தட்டினார்.

"கோரின், ஏதோ கேக்கறான்," என்றாள் வெர்னா.

"அவரு எல்லாத்துக்கும்தான் தட்டுவாரு."

"இல்ல! இல்ல! இல்ல!"

"அந்த மேடு திரும்பினதும் பாருங்க எவரெட், எப்படி இருக்குன்னு."

மேடு திரும்புவதற்குள் தட்டுவது நின்றது. வண்டிக்குள் வாடை வந்தது. பின்னால் வெர்னா சிரிப்பாள் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன்.

"நீ வேணும்னே பண்ணின," என்றாள்.

"அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க, வெர்னா."

"ஆமா. சிரிச்சேன்." தம்பியின் தோளில் கை வைத்து, "அதுக்கு என்னை அடிச்சிருக்கலாமே நீ. இவன் கையாலாகாதவன்டி," என்றாள்.

வீடு வரை அவர் கையை மடியில் வைத்து நனைந்த இடத்தை மறைத்துக்கொண்டே வந்தார். ஒரு கைதான் இருக்கிறது. முழுவதும் மறையவில்லை.

அக்டோபர் 10

இருக்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

அக்டோபர் 13

கோழி விருந்துக்குப் போகவில்லை. எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். தெரியவில்லை. அன்று மேடு திரும்பும்போது எனக்கு ரொம்ப நல்லா இருந்தது — பொய் எழுத மாட்டேன் — அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நல்லா இருந்தது. அப்புறம் அந்தக் கை. அந்தக் கையை ஏன் பார்த்துத் தொலைச்சேன்?

க்ராஃப்டன்ல அவரு மட்டும் என்னைப் பார்த்தாரா அன்னைக்கு? பார்க்கலையே. மலையைத்தானே பார்த்தாரு.

அப்போ நான் அவரை விட மோசமா? நல்லவளா?

பீச்சத்திலிருந்து வந்த நாளாக அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊட்டினால் சாப்பிடுகிறார். 'சனியனே' கூடச் சொல்வதில்லை.

அக்டோபர் 17

ராத்திரி காற்று. காலையில் பார்த்தால் மரங்கள் மொட்டை. முற்றம் முழுக்கக் கணுக்கால் அளவுக்கு இலை. அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அதில் நல்ல சிவப்பாக ஒன்றைப் பொறுக்கி வந்து மடியில் வைத்தேன். பூச்சியைத் தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டார்.

அக்டோபர் 23

இதை எழுத வேண்டும்.

தாமராக் மரங்களை அவருக்குக் காட்டுவதில்லை என்று செப்டம்பரிலேயே முடிவு செய்திருந்தேன். பார்க்க ஊசியிலை மரம்தான், ஆனால் மேப்பிளெல்லாம் உதிர்ந்து, வெளியூர்க்காரர்கள் எல்லாம் போன பிறகு, சதுப்பில் தனியாகப் பொன்னாக நிற்கும். அதுதான் அவருடைய மரம். மற்றதெல்லாம் கண்காட்சி என்பார். வருஷத்தின் கடைசிப் பயணம் எப்போதும் அதற்குத்தான்.

இன்று காலை எழுந்ததும் முடிவை மாற்றினேன். உள்ளாடை போட்டேன். கம்பளி போர்த்தினேன். "விக்டரி சதுப்புக்குப் போறோம். நிஜமாத்தான்," என்றேன்.

வரைபடத்தில் அவர் போட்டு வைத்திருந்த பழைய பென்சில் கோட்டிலேயே போனேன், அவர் திரும்புகிற இடத்தில் திரும்பி. சாலையில் வேறு வண்டியே இல்லை. சதுப்பு வந்தது. சாய்ந்த வெயில். நீர் கறுப்பு, மரங்கள் பொன். வண்டியை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன்.

கண்ணை மூடியிருந்தார்.

தூங்குகிறார் என்று நினைத்து, தோளைத் தொட்டேன். இமை இன்னும் இறுகியது. தூக்கம் இல்லை.

"வந்துட்டோம். பாருங்க."

தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவரெட், உங்க மரம். ஒரு தடவை பாருங்க."

இஞ்சினை அணைத்தேன். அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். குளிர் உள்ளே வந்தது, ஊசியிலை உதிர்கிற சத்தம் கூடக் கேட்டது. முகத்துக்கு நேரே கை தட்டினேன். கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன், சாலையில் முழங்காலில் நின்று. "தப்புதான். நான் பண்ணது தப்புதான். கண்ணைத் தொறங்க. திரும்ப வரப்போறதில்ல இது, பாவி மனுஷா, தொறங்க!"

வாதம் வந்த வலது கண்ணை மூடி வைத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ராத்திரியில் நான்தான் அதற்கு ஒட்டுப் போட்டு மூடுகிறேன். இன்று இடது கையால் பொத்திக்கொண்டார்.

வெயில் போகிற வரைக்கும் இருந்தேன். திரும்பி ஓட்டி வந்தேன். வீட்டு வாசலில்தான் கையை எடுத்தார்.

நவம்பர் 22

நன்றியறிதல் பண்டிகைக்கு நடீன் வந்திருக்கிறாள். வெர்னா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நடீன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டால் பதில் வைத்திருந்தேன்.

நவம்பர் 24

வான்கோழி சாப்பிட்டு முடித்ததும் நடீன் அவர் முன்னால் மண்டியிட்டாள். "அப்பா, உங்களுக்கு இங்க இருக்க இஷ்டமா?"

"இல்ல."

"அவருக்கு எல்லாத்துக்கும் இல்லதான்," என்றேன்.

"நான் உன்னைக் கேக்கலம்மா." தன் கையை அவர் இடது கைக்குள் வைத்தாள். "ஆமான்னா அழுத்துங்க. அம்மாகிட்ட இருக்கீங்களா?" காத்திருந்தாள். "வெர்னா அத்தை வீட்டுக்குப் போறீங்களா?"

அவள் விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினார். வெர்னா உட்பட எல்லோரும் பார்த்தோம்.

நவம்பர் 26

சாமான்களை வெர்னா வண்டியில் ஏற்றினோம். வரைபடத்தையும் நடீன் எடுத்துப் போய்விட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்புவது கஷ்டம்தான் அவருக்கு.

ஜனவரி 8

பனி. ஒரு தட்டு, ஒரு கோப்பை.

அடுத்த வருஷம், அக்டோபர் 2

மறுபடி உச்சம். நான் யாரையும் கேட்காமல் வில்லோபிக்குக் கிளம்பினேன். கரையில் நிறுத்தினால், இரண்டு வண்டி தள்ளி வெர்னாவின் நீல வண்டி. எவரெட்டைத் தண்ணீரோரம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். மெலிந்திருக்கிறார். முகம் தெளிந்திருக்கிறது. வெர்னா டோனட்டைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க, அவர் மலையைக் காட்டி ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

"இந்த வருஷம் நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றேன்.

வெர்னா எழுந்து நின்றாள். "இப்பல்லாம் கொஞ்சம் பேசறான்," என்றாள். "அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணு நல்லா சொல்லிக் கொடுக்கறா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பீச்சத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நேராக. வாயைக் கூட்டி, சிரமப்பட்டு, உதட்டைக் குவித்தார். நான் குனிந்தேன்.

"போ," என்றார்.

சுத்தமாக, பிசிறில்லாமல் வந்தது. வெர்னா சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். புதுச் சொல் போலிருக்கிறது.

வந்துவிட்டேன். எந்த வழியாக வந்தேன் என்று நினைவில்லை. வழியெல்லாம் நல்ல நிறமாகத்தான் இருந்திருக்கும்.