பூசணிக்காய் என் கையில்

மாசி, ஞாயிறு.

கையில குங்குமச் சிவப்பு இன்னும் போகல. மூணு தடவை சோப்பு போட்டாச்சு.

இன்னிக்கு கரியமாணிக்கத்துல என் பொண்டாட்டியோட தம்பி சேகர் அந்த வண்டிய வெளியே எடுத்தான். பண்டசோழநல்லூர் ரைஸ்மில்லுக்குப் பின்னால கெடந்த ரெண்டு சீட்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார். மில்காரர் மொதல்ல என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினாரு. இருபது வருஷ மெக்கானிக் நான். அடித்தகடு முழுக்கத் துரு. "எடைக்குப் போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

கரும்பு டிரெய்லருக்கு வெல்டிங் அடிக்கிற சேகர் அதை வாங்கினான். சேசிஸை அறுத்து, ஜீப் இன்ஜினைத் தூக்கி வெச்சிட்டான். பானெட்டே கெடையாது, இன்ஜின் தொறந்து நிக்குது. பின்னால டிராக்டர் கணக்கா டயர். ஸ்டார்ட் பண்ணதும் தெருவே ஓடி வந்துச்சு. ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாம்னு அடியில படுத்துப் பாத்தேன். வெல்டிங் அத்தனையும் சுத்தம். அதுதான் தாங்கல.

"எந்தம்பிய பாத்தீங்களா!" இவ வேற, என்கிட்டயே.

சேகர் குங்குமம் தடவின பூசணிக்காயக் கொண்டாந்து என் கையில குடுத்தான்.

"நீயே சுத்திப் போடு மாமா. வூட்டுக்குப் பெரியவன் நீதான. ஊர்க்கண்ணு பொல்லாதது."

ஊர்க்கண்ணாம்.

வண்டிய மூணு சுத்து சுத்தினேன். ரோட்டுல ஓங்கிப் போட்டு ஒடச்சேன். ஒடச்சவன் திரும்பிப் பாக்காமப் போவணும், பாத்தா திருஷ்டி போவாது. எனக்குத் தெரியாதா?

நாலு எட்டு வெச்சேன். திரும்பிப் பாத்தேன்.