மேல் தட்டில் சர்க்கரை டப்பா

விளையாட்டு டீச்சரம்மாவுக்கு,

சாவி மீட்டர் பெட்டிக்குள்ள. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. ஃபிளாஸ்க்ல இருக்கிற வெந்நீர் குடிக்க இல்ல, கால் விரலுக்கு. கொஞ்ச நேரம் ஊற வச்சுட்டு மடக்கு. வலது கால் பெருவிரலை! நேத்து என் மேல இருந்த கோபத்துல, நல்லா இருக்கிற இடது விரலைப் பிடிச்சு மடக்கிக்கிட்டிருந்தே. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.

"இது கையா, இடுக்கியா? இனிமே என் விரலைத் தொடாதீங்க"ன்னு அன்னிக்கு வெடுக்குன்னு காலை இழுத்துக்கிட்டியே! அச்சகத்து மிஷினோட மல்லுக்கட்டுற என் கைக்கு எவ்வளவு அழுத்தணும்னு தெரியலை. ஃபுட்பால்ல அடிபட்டதுலேர்ந்து, நான் வேலை முடிஞ்சு வந்ததும் உன் கால் என் மடியிலதான் இருக்கும், நான்தான் விரலை மடக்கி விடுவேன். நீ பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுவே. இப்ப மடியும் காலி, வீடும் கப்சிப்.

சண்டைக்கு அப்புறம் சர்க்கரை டப்பாவை மேல் தட்டுல ஏத்தினது நான்தான். குதிகாலைத் தூக்கினா உனக்கு விரல் வலிக்கும், என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்னு ஒரு நப்பாசை. இன்னிக்குக் காலையில பார்த்தா டப்பா அடுப்பு மேடையில உட்கார்ந்திருக்கு. நீயே எட்டி எடுத்திருக்கே! விரல் மடங்க ஆரம்பிச்சிடுச்சு. சந்தோஷம்தான். சத்தியமா. ஆனா மனசு ஏனோ ஒரு மாதிரியா இருக்கு.

பி.கு.: சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நீ ஸ்டூல் மேல ஏறி எங்க ஒழுகுதுன்னு அவருக்குக் காட்ட வேண்டாம்.

இன்னொண்ணு: உன் டீக்குச் சர்க்கரை தம்ளர்ல எடுத்து வச்சிருக்கேன். டப்பாவை மறுபடியும் மேலேயே வச்சுட்டேன். உனக்கு எட்டும்னு தெரியும். நான் வந்ததும், எட்டாத மாதிரி ஒரு தடவை கூப்பிடேன்.