அழுமூஞ்சி ரெக்கார்டு

அண்ணா,

காலையில் சில்லறை எடுக்கக் கல்லாவுக்குள் கையை விட்டேன். உங்கள் பித்தளைப் புல்லி விரலில் தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேத்து எண்ணெய் வாசம். எனக்கு மட்டும்தான் அடிக்கிறதோ என்னவோ.

டீக்கு நின்றவர் ஒருத்தர், "ஏனுங்க்கா, என்னத்தை மோந்துட்டு இருக்கறீங்க?" என்றார்.

"மூக்குத்திங்க. போட்டுப் பாக்கறேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நமக்குள் வணக்கம், சௌக்கியமெல்லாம் எப்போது இருந்தது? நீங்கள் லேத்துப் பட்டறையின் ஷட்டரைத் தூக்குவீர்கள். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் டீயோடு வருவேன். "இன்னைக்கு என்னங்ண்ணா ஓடுது?" அதுதான் நம் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தியதும் எந்த ரெக்கார்டு போடப்போகிறீர்கள் என்று காலையிலேயே எனக்குத் தெரிந்தாக வேண்டும். இப்போது கேட்க ஆளில்லை. அதனால் என் கடையில் என்ன ஓடுகிறது என்று நானே சொல்கிறேன்.

காரமடைப் பக்கம் ஒரு பங்களாவில் பம்பு மோட்டார் கழற்றப் போய், வேண்டாமென்று வெளியே வைத்திருந்த ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கார்டையும் கேட்டு வாங்கி வந்தீர்களே, அன்றைக்கு நான் செய்த கேலி நினைவிருக்கிறதா? "ஊருல எல்லாரும் புதுசு வாங்குவாங்க. எங்கண்ணன் செத்ததைத் தூக்கிட்டு வருவாருங்க." உங்களுக்குக் கோபமே வராது. உங்கள் மகள் அட்டையைப் படித்துப் பார்த்து, "இது ஜாஸ் மியூசிக்குங்கப்பா" என்றாள். நான் ஐந்தாவதோடு நின்றவள், நீங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே. அட்டையில் இருந்த இங்கிலீஷ் நம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால் படத்தைப் பார்த்து நாமே பேர் வைத்தோம். கண்ணாடிக்காரர். மழைக்கோட்டு. படிக்கட்டு அம்மணி. அழுமூஞ்சி.

பிளேயர் ஓடவில்லை. மோட்டாரிலிருந்து பெல்ட் போகிற பிளாஸ்டிக் புல்லி தேய்ந்து விரிசல் விட்டிருந்தது. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சாம்பிள் கையில் கிடைத்தால் அதே மாதிரி கடைந்து கொடுப்பதுதானே உங்கள் பிழைப்பு. அதை அளந்து அளந்து பித்தளையில் ஒன்று கடைந்து மாட்டினீர்கள். "நூல் பிசகாதுங்க அம்மணி" என்றீர்கள். நிஜம்தான். பிசகவில்லை.

முதலில் படிக்கட்டு அம்மணியைப் போட்டோம். அட்டையில் அழகாக ஒரு பொம்பளை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டில் ஆம்பளைக் குரல் வந்தது.

"அண்ணா, அட்டையை மாத்திப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது."

"இல்லீங்க. அதெல்லாம் குளிர் ஊரு. அம்மணிக்குத் தொண்டை கட்டியிருக்கும்."

அதை நம்பி அந்த அம்மணிக்குச் சுக்குக்காப்பி போட்டுத் தரலாமா என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன்!

ஆனால் அழுமூஞ்சியை மட்டும் என்னால் முழுசாகக் கேலி பண்ண முடிந்ததில்லை. அட்டையில் அந்த ஆள் டிரம்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். முள்ளை வைத்தால் அப்படி ஓர் அழுகை. இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. "படத்துக்குத்தான் பல்லைக் காட்டறானுங்க அம்மணி. உள்ளுக்குள்ள என்னமோ கெடக்குது" என்பீர்கள்.

அண்ணி போனபிறகு நீங்கள் வேறெந்த ரெக்கார்டையும் தொடவில்லை. காலையில் நான் கேட்பேன்; நீங்கள், "அவனேதானுங்க" என்பீர்கள். சுடுகாட்டிலும் உங்கள் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? மதியம் சோற்றுப் போசியைத் திறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்து அவன் அழுவான். அது முடிந்தபிறகுதான் சாப்பிடுவீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வடைச் சட்டியை இறக்கி வைத்துவிடுவேன், சத்தம் வரக்கூடாது என்று.

உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்றும் அவன்தான் பிளேயரில் இருந்தான். ஆம்புலன்ஸ் கதவருகே வந்து, "சுருக்கா வாங்க, இல்லாட்டி உங்க அழுமூஞ்சியை மாவுல முக்கி பஜ்ஜி போட்டுருவேன்" என்றேன். "தொட்டுறாதீங்க அம்மணி, நான் வந்து எடுக்கறேன்" என்றீர்கள். வரவில்லை. பட்டறையைக் காலி செய்தபோது உங்கள் மகள் பிளேயரை ரெக்கார்டோடு அப்படியே தூக்கி வந்து என் கடையில் வைத்தாள். பல நாள் அதன்மேல் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன்.

போன வாரம் அவள் வந்திருந்தாள். அட்டையைப் பார்த்து அந்தப் பேரை போனில் தேடினாள். "அத்தை, இதைக் கேளுங்க" என்றாள்.

அண்ணா, அது கல்யாண வீடு மாதிரி இருந்தது. துள்ளுகிறது, குதிக்கிறது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் பெஞ்சில் தாளம் போட்டார். "இது வேற எதோ, கண்ணு" என்றேன். "இதேதானுங்க அத்தை." பிளேயரில் போட்டுப் பார்த்தோம். அதே வாசிப்புதான், நம்முடையது ஆமை போகிற மாதிரி போகிறது. தேய்ந்து சிறுத்துப்போன சாம்பிளை அளந்து, தேய்ந்த அளவுக்கே நூல் பிசகாமல் கடைந்து மாட்டியிருக்கிறீர்கள். புல்லி சிறுத்தால் தட்டு மெதுவாகத்தானே சுற்றும். படிக்கட்டு அம்மணிக்குத் தொண்டையும் கட்டவில்லை, ஒன்றும் கட்டவில்லை. இத்தனை வருஷமும், சிரிக்கிற மனுசனைப் பிடித்து அழ வைத்திருக்கிறீர்கள்!

சிரிப்பை அடக்க முடியாமல் டீ கிளாஸோடு எழுந்து ஓடினேன். இதை வைத்து உங்களை ஆயுசுக்கும் ஓட்டலாமே. சுவரைத் தாண்டி உங்கள் ஷட்டர் முன்னால் போய், "ஏனுங்ண்ணா" என்று வாயைத் திறந்துவிட்டேன். இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். அந்தப் பையன், "என்னங்க்கா வேணும்?" என்றான்.

இவ்வளவு பெரிய கேலி என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. கிடைத்தபோது நீங்கள் இல்லை. வடைக்கு அரைத்த மாவு அன்று புளித்தே போனது.

உங்கள் மகள் பக்கத்துத் தெருப் பட்டறையில் சரியான அளவில் ஒரு புல்லி கடையச் சொல்லி வாங்கிவந்து, உங்களுடையதைக் கழற்றிவிட்டு மாட்டிக் கொடுத்தாள். கிளம்பும்போது கேட்டாள், "அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா சங்கடப்பட்டிருப்பாருங்களா அத்தை?"

"உங்கப்பனா? சாம்பிள் சரியில்லைன்னு சொல்லிப்போட்டு டீ கேப்பாரு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இந்த வாரம் இங்கே ஓடினதெல்லாம் சொல்கிறேன். கண்ணாடிக்காரருக்கு இப்போது பயங்கர அவசரம், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி பியானோவில் ஓடுகிறார். மழைக்கோட்டு பரவாயில்லை. படிக்கட்டு அம்மணி குரல் தேன், அண்ணா. நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அழுமூஞ்சியையும் அவன் வேகத்திலேயே போட்டேன். நல்ல மனுசன், சந்தோசமாக வாசிக்கிறான். ஆனால் அவனுக்கு உங்களைத் தெரியாது. அண்ணியைத் தெரியாது.

இன்று மதியம் கூட்டம் குறைந்ததும் கல்லாவிலிருந்து உங்கள் புல்லியை எடுத்து, மோட்டார் ரிப்பேர் பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொன்னேன். "இது ஸ்லோவா ஓடுமேங்க்கா?" என்றான். "ஓடட்டும் சாமி" என்றேன்.

வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டேன்.

இன்னைக்கு அழுமூஞ்சிதாங்ண்ணா ஓடுது.