நாலு வரித் துணுக்கு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெளிநாட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி இருமல் அண்டாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, கட்டுப் பிரித்ததும் வீட்டுக்கு வந்து அவர் முதலில் பார்த்தது என்னை அல்ல, சமையலறை மூலையில் இருந்த ஒட்டடையை. இது எத்தனை நாளா இருக்கு என்று கேட்டார், உங்களுக்குக் கண்ணு மங்கின நாள்லேருந்து என்றேன். அக்கா வேலை மாறிவிட்டாள், புது அலுவலகம் அவள் வீட்டிலிருந்து நடந்து ஏழு நிமிடம், இருந்தும் தினமும் ஓட்டமாகத்தான் ஓடுகிறாள். மாடித் தொட்டி ஒழுகுவதைக் குழாய்க்காரர் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டார், பார்ப்பதோடு சரி.

நீ மேடையில் ஜோக் சொல்லும் பதிவை அனுப்பியிருந்தாயே, பார்த்தோம். ஆறு நிமிடம் நாற்பது விநாடி. முதல் தடவை அம்மாவாகப் பார்த்தேன், நீ இளைத்திருக்கிறாயா என்று மட்டும்தான் பார்க்க முடிந்தது. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். பத்தொன்பது இடத்தில் சிரிக்கிறார்கள். அதில் நீளமான சிரிப்பு உன் குடியிருப்பு வாசல் காவலாளியைப் பற்றி நீ சொல்லும் இடத்தில், பதினோரு விநாடி. இருட்டும் நேரத்தில் வாசல் கூண்டில் ஒரு சீருடை ஆணியில் தொங்குகிறது என்று நினைத்து நீ நடக்கிறாய், திடீரென்று காலருக்கு மேலே வரிசையாகப் பல் தெரிகிறது, அந்தப் பல் உனக்கு வணக்கம் சொல்கிறது. அப்பா சிரித்துச் சிரித்து, ஆபரேஷன் செய்த கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், அதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது சரியல்ல.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை உனக்குப் பதினைந்து நிமிடம் தருவதாக அரங்கக்காரர் சொல்லியிருக்கிறார், அதுவும் கடைசி ஆளாக, ஆனால் காவலாளிப் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும், முடிந்தால் இன்னும் நீட்ட வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். உன் அறைத்தோழன் இது நிறத்தைக் கேலி செய்வது, கேவலம் என்கிறான். மற்றவர்கள், நீயே வெள்ளைக்காரன் இல்லையே, உனக்கு அந்த உரிமை உண்டு என்கிறார்கள். உன்னோடு அதே மேடையில் ஏறுகிற ஒருவன் நம்மவர்கள் தலையாட்டிப் பேசுவதை நடித்துக் காட்டியபோது நீயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கண்ணாடி முன்னால் தலையை ஆட்டாமல் பேசிப் பழகினாய் என்றும் எழுதியிருந்தாய், அந்த வரியை நான் பலமுறை படித்தேன். எது அச்சுக்குப் போகலாம் எது போகக்கூடாதுன்னு காலமெல்லாம் முடிவு பண்ணினவ நீ, இருக்கட்டுமா எடுக்கட்டுமா, ஒரே வார்த்தை சொல்லும்மா என்று கேட்டிருந்தாய். இருபதாம் தேதிக்குள் அரங்கக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நினைவிருக்கிறது. பதில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனதற்குக் காரணம், அந்தப் பல்லை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

நீ பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால், எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். உனக்குச் செய்தித்தாளில் தொப்பி மடித்துக் கொடுப்பாரே லே-அவுட் மாமா, அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. அச்சான செய்தியை நீளத் துண்டுகளாக வெட்டிப் பெரிய தாளில் பசை தடவி ஒட்டிப் பக்கம் ஆக்குவது அவர் வேலை, ஒட்டியதைப் பார்த்து மூலையில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு செய்தி நாலு வரி குறைந்து போனால் அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது, அதற்கென்று ஒரு துணுக்கு டப்பா உண்டு. நாலு வரி, ஆறு வரி, எட்டு வரி என்று தனித்தனி அறை. எந்தத் துணுக்கு என்று யாரும் பார்க்க மாட்டார்கள், எத்தனை வரி என்பதுதான் கணக்கு.

மாமா துறைமுகத்துப் பக்கத்து ஜனங்களில் ஒருவர் என்பது உனக்குத் தெரியும். அவர்கள் தாத்தாக்கள் சுமை தூக்கும் வேலைக்குக் கடல் தாண்டி வந்தவர்கள், நல்ல கறுப்பு, சுருள் முடி. ஊரில் கப்பல்காரங்க என்பார்கள், அவர்களில் கப்பலில் கால் வைத்தவர்களே பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். மாமா டீ நேரத்தில் தன் நிறத்தைத் தானே கிண்டல் செய்வார். ஒரு நாள் சொன்னார், நேத்து கரண்ட் போச்சு, என் சம்சாரம் மெழுகுவத்தியே தேடல, ஏங்க கொஞ்சம் சிரிங்க, தீப்பெட்டி எங்கன்னு பாத்துக்கறேன்னா. எல்லாரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். நான் அதை அன்றைக்கே துணுக்காக எழுதினேன். துணுக்கில் நான், என் வீடு என்று வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் மாமாவையும் அவர் சம்சாரத்தையும் எடுத்துவிட்டு, ஒரு கப்பல்காரர் வீட்டில் என்று ஆரம்பித்தேன். சரியாக நாலு வரி வந்தது. டப்பாவில் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், துறைமுகச் சாலையில் விளக்கு எரியாத பகுதியில், விடியுமுன் வேலைக்கு நடந்துபோன மூன்று பேர் மீது லாரி ஏறியது. மூவரும் அந்த ஜனங்கள், இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். செய்தியை எழுதியது நான்தான். இருட்டில் ஆள் இருப்பதே தெரியவில்லை என்று டிரைவர் போலீசில் சொன்னதைக் கடைசி வரியாக வைத்தேன். பக்கம் முடிய வேண்டியது பன்னிரண்டு ஐம்பதுக்கு, மணி பன்னிரண்டு நாற்பத்தாறு, செய்தி நாலு வரி குறைந்தது. நாலு வரி குடுங்க என்றேன். மாமா தலையைத் தூக்காமல் டப்பாவில் கைவிட்டு எடுத்து ஒட்டினார். நான் மூலையில் கையெழுத்துப் போட்டேன். ஒட்டியது அந்தக் கப்பல்காரர் வீட்டுத் துணுக்கு, இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை. இருபத்திரண்டாயிரம் பிரதி.

மாலை நாலே காலுக்கு, இறந்தவர்களில் ஒருவருடைய அண்ணன் பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வரவேற்பில் வந்து நின்றார். ஆசிரியர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, உங்க ஆளுதானேப்பா, நீ போய்ப் பேசிட்டு வா என்று மாமாவைத்தான் அனுப்பினார். நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் செய்தி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன், அது முனிசிபாலிட்டிக் கூட்டம் என்பதுகூட நினைவிருக்கிறது. பத்து நிமிடத்தில் மாமா திரும்பி வந்து, கையிலிருந்த பசையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். வருத்தம் தெரிவித்து நாம் ஏதாவது போட்டால் படிக்காதவனும் தேடிப் படிப்பான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார், ஒன்றும் போடவில்லை. அதற்குப் பிறகு மாமா டீ நேரத்தில் எதுவும் சொல்லிச் சிரிக்க வைத்ததில்லை. அப்போது அவருக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்திருந்தார்கள், அதனால் என்று நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் கேள்வி கேட்கிற நான், கீழே என்ன பேசினீங்க என்று பக்கத்து நாற்காலியைக் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு மாமாவைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார்கள், தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, படி செங்குத்து, கீழே மிஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்கிறது. போனில் உன்னைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட பகுதிக்கு வாய்விட்டுச் சிரித்தார். காவலாளி வந்தபோது சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை, ஒட்டியது நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே அப்படிப் பார்த்தார். பையன் நல்லாப் பண்றான், உடம்பு தானா வளையுது, அந்த வாட்ச்மேன் இதைப் பாத்தாராமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகுதான் முப்பத்தேழு வருஷத்துக் கேள்வியைக் கேட்டேன்.

அவர் அவசரமில்லாமல் சொன்னார். யாரு இதைப் போட்டதுன்னு கேட்டாரு, நான்தான்னேன், என் பசைதானே. என் மூஞ்சியப் பாத்தாரு, கையப் பாத்தாரு, நீயான்னு கேட்டாரு, அவ்வளவுதான், போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க தெருவுல நல்லதுக்கும் கெட்டதுக்கும் பதினோரு வருஷம் யாரும் என்னைக் கூப்பிடல. பெரியவ கல்யாணத்துக்கு வீடு வீடாப் போய்ச் சொன்னோம், பதினாலு பேர் வந்தாங்க. நான், மூலையில் இருந்தது என் கையெழுத்து, அதை மாற்றி எழுதியதும் நான்தான் என்றேன். தெரியும்மா, துணுக்குலேருந்து என் பொண்டாட்டிய வெட்டினது யாருன்னு எனக்குத் தெரியாதா என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்லி, மறுநாள் யாரு பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறது என்றார். அந்த அண்ணன் இப்போது எங்கே என்று கேட்டேன், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறதாம்.

அப்புறம் ஏன் நீங்களே உங்க நிறத்தைச் சொல்லிச் சிரிச்சீங்க என்று கேட்டேன். உன் கேள்விக்காகத்தான் கேட்டேன், எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. நான் சொல்லலைன்னா உங்கள்ல யாராவது சொல்லுவீங்க, நான் சொன்னா அதுல என் பொண்டாட்டி இருப்பா, என்னை அதட்டுவா, தீப்பெட்டி தேடுவா, நீங்க சொன்னா பல்லு மட்டும்தான் இருக்கும் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் இருந்ததா என்று கவனித்தேன், எனக்குத் தெரியவில்லை. அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, ஏங்க, அவங்களைப் பத்தி நம்ம தெருவுல சொல்றதைச் சொல்லுங்களேன், பாவம், இத்தனை வருஷம் கேக்காமலே இருக்காங்க என்று குரல் கொடுத்தார். மாமா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டுச் சொன்னார். உங்காளுங்க வீட்டுல போய்த் தாகமா இருக்குன்னு தண்ணி கேட்டா, முதல்ல எந்த ஊருன்னு கேப்பீங்க, அப்புறம் எந்தத் தெரு, அப்புறம் அப்பா யாரு, அவருக்கு அப்பா யாரு, தாத்தாகிட்ட வர்றதுக்குள்ள மழை வந்துடும், நாங்க அண்ணாந்து வாயத் திறந்துக்குவோம். அவர் முடிக்கும் முன்பே உள்ளே சம்சாரம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் சிரிப்பு வர ஒரு நொடி பிந்தியது, அந்த நொடியில் நான் அவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்புதான். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அநியாயம் என்று தோன்றியது, உண்மை என்றும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து உனக்காக ஒரு விதி எழுதப் பார்த்தேன். தன்னைப் பற்றிச் சொல்லலாம், அடுத்தவரைப் பற்றிக் கூடாது என்று எழுதி அடித்தேன், மாமாவின் தண்ணீர்க் கதை எங்களைப் பற்றியது, அதைக் கேட்காமலே செத்திருந்தால் எனக்குத்தான் நஷ்டம். நிறத்தைத் தொடக்கூடாது என்று எழுதினேன், அப்படியானால் மாமாவின் சம்சாரம் தீப்பெட்டி தேட முடியாது. வலிமையுள்ளவனைத்தான் கிண்டல் செய்யலாம் என்று எழுதினேன், யார் வலிமையானவன் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், உன் அரங்கக்காரர் உட்பட. தாளின் இரண்டு பக்கமும் அடித்தலாகப் போய்விட்டது. அதனால் ஒரே வார்த்தைப் பதில் என்னிடம் இல்லை, ஒரு வேலை மட்டும் சொல்கிறேன், இருபதாம் தேதிக்கு முன்னால் செய். காவலாளி வேலைக்கு வரும் நேரத்துக்குக் கையில் இரண்டு டீயோடு போ. நான் மேடையில் ஜோக் சொல்றவன் என்று சொல். எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தி உங்க ஊர்க்காரங்க தங்களுக்குள்ள என்ன சொல்லிச் சிரிப்பீங்க என்று கேள். இல்லாமல் இருக்காது. அவர் அதைச் சொல்லிச் சிரித்தால், நீயும் உன்னுடையதை அவர் முகத்துக்கு நேராகச் சொல், பல்லோடு, நடிப்போடு, முழுதாக. அதற்குப் பிறகு மேடைக்குப் போகலாமா என்று நீ என்னைக் கேட்க வேண்டியிருக்காது, அவரைக் கேட்கலாம். போவதானால் அவர் உன்னைப் பற்றிச் சொன்னதும் கூடப் போகட்டும். அதை விட்டு, அவர் டீயைக் கையில் வாங்கி நின்றபடியே, அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க சார் என்று சொன்னால், அந்தப் பகுதியை எடுத்துவிடு, என்னிடம் பதிமூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று அரங்கக்காரரிடம் சொல்லிவிடு.

நீ எந்த மேடையில் ஏறினாலும் நல்லபடியாக இறங்கி வர வேண்டும், ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பாஸ்போர்ட் முடிய ஐந்து மாதம்தான் இருக்கிறது, புதுப்பிக்க இப்போதே எழுதிக் கொடு. காவலாளி என்ன சொன்னார் என்பதை உடனே எழுது, மாமா வீட்டிலும் கேட்பார்கள்.

என்றும் உன் நினைவில்,
அம்மா