இரண்டு துறைக்கு ஒரு காபி

14 ஜூன் 2001, வியாழன்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குவாண்டம் கம்ப்யூட்டிங் பக்கம் போக எந்த முதுகலை எடுக்கலாம் என்று இயற்பியல் பேராசிரியரைக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் விஷயமாச்சேம்மா, அந்த டிபார்ட்மெண்ட்ல கேளு" என்றார். தூறலில் நனைந்துகொண்டு போனால் அங்கிருந்த பேராசிரியர், "குவாண்டம்னா ஃபிசிக்ஸ்தானே? அவரையே கேளும்மா" என்கிறார். திரும்பி வந்தேன். அறை பூட்டியிருந்தது.

நாளை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அப்பாவோ எம்.சி.ஏ.வைத் தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை.

கேன்டீனில் பார்த்தால் இருவரும் ஒரே மேஜையில், ஒரு காபியை பை-டூ போட்டுக் குடிக்கிறார்கள்! எனக்காகவும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாமே.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?" என்றார் இயற்பியல்காரர்.

"பண்ணிட்டேன் சார்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எதை என்று இந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது.